புள்ளி தாவும் பெயர்கள்

காயல்பட்டினத்தில் எனக்கு மூத்த நண்பர் ஒருவர் இருக்கிறார். அரபிப் பாடசாலையில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; வீட்டு மச்சில் மரப்பெட்டிக்குள் கிடந்த பாட்டனார் காலத்து நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தூசு தட்டி, ஸ்கேன் செய்து, கணினியில் சேமித்து வைப்பதையே இப்போது தம் நித்தியக் கடமையாகக் கொண்டிருப்பவர். அந்த நோட்டுகளில் உள்ளது அர்வி. தமிழ்ப் பாஷையை அரபி லிபியில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைப் புதிதாக அமைத்துக்கொண்டு, வலமிருந்து இடமாக எழுதிச் செல்லும் அந்தச் சம்பிரதாயம், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கரையோர ஊர்களிலும் இலங்கையிலும் பல தலைமுறை வழங்கி, இன்று பெரும்பாலும் முதியோர் நினைவிலும் இத்தகைய பெட்டிகளிலுமே எஞ்சி நிற்கிறது. தமிழ் என்றாலே இடமிருந்து வலம் என்று தீர்மானித்துக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும்.

நான் கேட்டதற்கிணங்க அவர் பென் டிரைவில் போட்டு அனுப்பிய கோப்புகளில் ஒன்றன் பெயர், அர்வியில் ஒரு தலைப்பு, அதையடுத்து ஒரு தேதி, அதையடுத்துப் புள்ளியும் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் என்று அமைந்திருந்தது. என் திரையில் இடது ஓரமாக 24-06-05 என்ற எண்களும், அவற்றுக்கு வலப்பக்கம் அர்வித் தலைப்பும், அதற்கும் வலப்பக்கம் புள்ளியும் பிடிஎஃபும் நின்றன. 2005-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் தேதி ஸ்கேன் செய்யப்பட்டது என்று குறித்துக்கொண்டு, இந்தக் காரியத்தை இவர் இத்தனை ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டாரே என்று வியந்து, ஒரு மாலை தொலைபேசியில் அந்த வியப்பை அவரிடம் சொல்லவும் செய்தேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

“என்ன தம்பி சொல்றீங்க? 2005-லே ஸ்கேனர்னா என்னன்னே எனக்குத் தெரியாதே! அது 24-லே, ஜூன் அஞ்சாந் தேதி எடுத்தது. 05-06-24-ன்னு நானே என் கையாலே தட்டினேன்.”

“காக்கா, இங்கே 24 அல்லவா முதலில் நிற்கிறது?”

“எங்கே முதல்லே? கடைசியிலேல்ல நிக்குது!”

இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் கண்ணுக்கும் எண்கள் ஒரே வரிசையில்தான் தெரிந்தன. அவர் வாசிக்கத் தொடங்கிய முனை வேறு, நான் தொடங்கிய முனை வேறு. சிரித்துவிட்டுப் போக வேண்டிய இந்தச் சின்ன விஷயத்தை நான் இங்கே பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம், இது எங்கள் இருவருடைய குழப்பம் மட்டுமன்று என்பதுதான். அரபி, ஹீப்ரூ, பாரசீகம், உருது, சிந்தி, மாலத்தீவின் திவேகி ஆகிய பாஷைகளில் எழுதும் கோடிக்கணக்கான மக்கள், கோப்புக்குப் பெயர் வைக்கும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் இரண்டு திசைகளைக் கலந்தே எழுத வேண்டியவர்களாக இருக்கிறார்கள். பெயர் தாய்மொழியில் இருந்தாலும், கோப்பின் வகையைச் சொல்லும் பின்னொட்டு எப்போதும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அந்தக் கலப்பைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் பொறுப்பைக் கணினி செய்பவர்கள் இன்னமும் முழுமையாக ஏற்கவில்லை என்பதும், ஏற்காத குற்றத்தைப் பெயர் வைத்தவர் தலையில் சுமத்துகிறார்கள் என்பதும் என் அபிப்பிராயம்.

வலமிருந்து எழுதுவது ஏதோ தூர தேசத்து விசித்திரம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அசோகச் சக்கரவர்த்தியின் சாசனங்களில் ஷாபாஸ்கர்ஹியிலும் மான்சேராவிலும் உள்ளவை கரோஷ்டி லிபியில் வெட்டப்பட்டவை. கரோஷ்டி வலமிருந்து இடமாகச் செல்வது. ஒரே அரசனின் ஆக்ஞை, ஒரு பாறையில் இப்படியும் இன்னொரு பாறையில் அப்படியும் ஓடியிருக்கிறது. ஆனால் ஒரே வரியில் இரண்டும் ஓட வேண்டிய நிர்ப்பந்தம் அந்தச் சிற்பிக்கு இருக்கவில்லை.

கணினி ஒரு பெயரைச் சேமிக்கும்போது அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து, மூன்றாம் எழுத்து என்று நாம் தட்டிய கிரமத்தில் எண்களாக அடுக்கி வைத்துக்கொள்வதோடு அதன் வேலை முடிகிறது. அவ்வெழுத்துகளைத் திரையில் எங்கே நிறுத்துவது என்பது பின்னால் நடக்கும் தனிக் காரியம். இந்த வித்தியாசம் தமிழ் வாசகருக்குப் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. ‘கொக்கு’ என்று எழுதுகிறோம். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். பழைய தட்டச்சுப் பொறியில் அந்தக் கிரமத்தில்தான் விரல் நடந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் இணையத் தமிழர் பலர் கையாண்ட திஸ்கி என்ற குறியேற்றமும் கொம்பை முன்னால் வைத்தே சேமித்தது. யூனிகோடோ, ககரத்தை முதலிலும் ஒகரக் குறியை அதன் பின்னும் வைத்துக்கொண்டு, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமுமாகப் பிரித்து நிறுத்தும் வேலையைக் காட்சிக்கு உரியவர்களிடம் விட்டுவிடுகிறது. ஹீப்ரூவிலும் இதே கதை நடந்தது. ஆரம்ப காலத்து இணையப் பக்கங்கள் பலவற்றில் ஹீப்ரூ எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, அதாவது இடது ஓரத்து எழுத்தை முதலாவதாகக் கொண்டு, தலைகீழாகச் சேமித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஜன்னலைச் சற்றுக் குறுக்கி வரி மடங்கும்படி செய்தால், வாக்கியத்தின் பின்பாதி மேல்வரியிலும் முன்பாதி கீழ்வரியிலும் வந்து நின்றது. ஓதும் கிரமத்தில் சேமிப்பது, பார்க்கும் கிரமத்தைத் திரை கணித்துக்கொள்வது என்ற முடிவுக்கு எல்லோரும் வந்து சேர்ந்தது இப்படிப் பட்ட பிறகுதான்.

அப்படிக் கணிப்பதற்கு யூனிகோடு வகுத்திருக்கும் இருதிசை விதிமுறை, ஒவ்வொரு குறிக்கும் ஒரு சுபாவத்தை நிர்ணயிக்கிறது. ஆங்கில எழுத்தும் தமிழ் எழுத்தும் வலப்பக்கமாகவே நடக்கும் திடச்சித்தம் உடையவை. அரபி எழுத்தும் ஹீப்ரூ எழுத்தும் அதே திடத்தோடு இடப்பக்கம் நடப்பவை. எண்கள் இரண்டுங்கெட்டான்கள். அரபியிலும் ஹீப்ரூவிலும்கூட ஓர் எண்ணின் பெரிய ஸ்தானம் இடப்பக்கத்திலேதான் எழுதப்படுகிறது. நம் நாட்டிலிருந்து போன அந்த எண்முறை, போன இடத்தில் எழுத்தின் திசையை எடுத்துக்கொள்ளாமல் தன் போக்கிலேயே நின்றுவிட்டது. இருபத்தைந்தை அரபியில் ‘ஐந்தும் இருபதும்’ என்று சொல்வார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். எஞ்சியிருக்கும் புள்ளி, கோடு, அடைப்புக்குறி, வெற்றிடம் முதலியவற்றுக்கோ சுயபுத்தி மிகக் குறைவு. இருபக்கத்து அயலாரும் ஒரே திசையில் போனால் தாமும் அவர்களோடு போகும். அயலார் இருவரும் எதிரும் புதிருமாக இருந்தால், அந்த வரி மொத்தமும் எந்தத் திசையைச் சார்ந்தது என்று பார்த்து அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

இந்தச் சாய்வைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டுமானால், ஆங்கில இடைமுகம் உள்ள கணினியில் ஒரு கோப்பின் பெயரை மாற்றும் பெட்டிக்குள் அரபியில் ஒரு சொல்லைத் தட்டிப் பாருங்கள். சொல் முடிந்ததும் ஒரு சிறுகோட்டைப் போட்டால் அது சொல்லின் வலப்பக்கத்தில், அதாவது அரபிக்காரருக்குச் சொல் தொடங்கும் இடத்துக்கும் முன்னால், போய் நிற்கும். அடடா, தப்பாகிவிட்டதே என்று நீங்கள் யோசிப்பதற்குள் அடுத்த அரபி எழுத்தைத் தட்டினால், அந்தக் கோடு அங்கிருந்து எழும்பி, முதற்சொல்லைத் தாண்டிக் குதித்து, இரண்டு சொல்லுக்கும் நடுவே வந்து உட்காரும். அழிப்பான் விசையை ஒருமுறை அழுத்தினால் மறுபடியும் பழைய இடத்துக்கே பாயும். சுட்டியை இழுத்துப் பெயரின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தாலோ, நீலப் பட்டை இரண்டு துண்டாக, நடுவில் இடைவெளி விட்டு விழும். வாயில்லாப் பிராணி ஒன்று பெயருக்குள்ளே புகுந்துகொண்டு ஓடுவதுபோல் இருக்கிறது என்று அந்த நண்பர் ஒருமுறை சொன்னார். விதிப்படி பார்த்தால் எல்லாம் சரியே. கோட்டுக்கு அடுத்த அயலார் வந்து சேரும்வரை அது எந்தப் பக்கம் போவதென்று தீர்மானிக்க வழியில்லை.

எங்கள் தேதிக் குழப்பமும் விதிப்படியே நடந்ததுதான். அரபி எழுத்தைப் பின்தொடர்ந்து வரும் எண்களுக்கு நடுவே சிறுகோடு இருந்தால், ஒவ்வோர் எண்ணும் தனித்தனியாக நேராக நின்றுகொண்டு, அவற்றின் அணிவகுப்பு மட்டும் வலமிருந்து இடமாக அமையும். அதனால் 05-06-24 என்று தட்டியது 24-06-05 என்று தெரிந்தது. கோட்டுக்குப் பதிலாகப் புள்ளி வைத்து 05.06.24 என்று அவர் தட்டியிருந்தால், மூன்றும் ஒரே எண்ணாகப் பாவிக்கப்பட்டு அப்படியே நின்றிருக்கும். தலைப்பு அரபி எழுத்தில் இல்லாமல் ஹீப்ரூவில் இருந்திருந்தால் கோடு போட்டாலும் புரண்டிராது. இரண்டு லிபிகளின் வழக்கமும் வேறு என்பதால் விதியும் வேறாக வைக்கப்பட்டிருக்கிறது. இத்தனை நுணுக்கத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு கோப்புக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று ஒரு வயோதிகரிடம் எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

தேதியைவிடப் பெரிய விபரீதம் கோப்புறைகளின் பாதையில் நேர்கிறது. ஹைஃபாவில் ஒருவர் ‘ஆவணங்கள்’ என்று ஹீப்ரூவில் பெயரிட்ட கோப்புறைக்குள் ‘கடிதங்கள்’ என்று ஹீப்ரூவிலேயே இன்னொரு கோப்புறை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். பாதை ஆங்கிலத்தில் வட்டின் பெயரோடு தொடங்கி, இவ்விரண்டு பெயர்களையும் கடந்து, ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு படத்தில் முடிகிறது. நடுவில் உள்ள சாய்கோட்டுக்கு இருபுறமும் ஹீப்ரூ. எனவே அது அவற்றோடு சேர்ந்துகொள்ள, இரண்டு பெயரும் ஒரே ஹீப்ரூ வாக்கியம்போல் ஒட்டிக்கொண்டு வலமிருந்து இடமாகப் படுத்துவிடுகின்றன. இடமிருந்து பாதையைத் தொடர்ந்து வரும் கண்ணுக்கு முதலில் கடிதங்களும் அதற்குள் ஆவணங்களுமாகத் தெரிகிறது. தாயைக் குழந்தை இடுப்பில் வைத்திருப்பதுபோல் உள்ளறைக்குள் வீடு போய்விடுகிறது. அதற்குப் பிறகு மூன்றாவது பெயர் ஆங்கிலத்தில் வந்தால் கண் மறுபடியும் திசை மாற வேண்டும். இந்த நிலையில் இருதிசை விதிமுறையைக் குறை சொல்வதற்கில்லை. அது வாக்கியங்களுக்காக இயற்றப்பட்டது. பாதை வாக்கியமன்று. பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக விதியைப் பிரயோகிக்கலாம் என்று அதே விதிமுறையிலேயே அனுமதியும் கொடுத்திருக்கிறார்கள். அனுமதி இருந்தும் அதைச் செய்யாத மென்பொருள்கள்தாம் அநேகம்.

இதுவரை சொன்னவை சங்கடங்கள். இனிச் சொல்லப்போவது மோசடி. விதிகள் தாமாகக் கணிக்க முடியாத இடங்களுக்காக, கண்ணுக்குத் தெரியாத சில ஆணைக் குறிகளையும் யூனிகோடு வைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்று, தனக்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும், ஆங்கில எழுத்தாகவே இருந்தாலும், வலமிருந்து இடமாகக் காட்டு என்று கட்டளையிடுவது. எழுத்தும் எண்ணுமாகக் கலந்த உதிரிப்பாக எண்கள் போன்றவற்றை உள்ளது உள்ளபடி நிறுத்துவதற்காக ஏற்பட்ட நல்ல சாதனம் அது. ஆனால் கோப்பின் பெயருக்குள் நுழைந்தால் அது என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒருவன் தன் கோப்புக்கு ஆங்கிலத்தில் ஏ, என், என் என்று தட்டி, உடனே அந்த மாயக் குறியை வைத்து, அதன்பின் சி, ஓ, டி, ஒரு புள்ளி, ஈ, எக்ஸ், ஈ என்று தட்டி முடிக்கிறான். சேமிப்பில் அது எக்ஸி என்ற பின்னொட்டு உடையது. திறந்தால் ஓடத் தொடங்கும் நிரல். திரையிலோ குறிக்குப் பின்னால் உள்ளது முழுவதும் புரண்டு, ஏ, என், என், ஈ, எக்ஸ், ஈ, புள்ளி, டி, ஓ, சி என்று, அலுவலகங்களில் தினமும் காணும் ‘அனெக்ஸ்’ என்ற இணைப்பு, வேர்டு ஆவணமாகவே வந்ததுபோல் நிற்கிறது. ஈ எக்ஸ் ஈ என்பது எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றே என்பது வஞ்சகனுக்குக் கிடைத்த கூடுதல் சௌகரியம். கண்ணை இடுக்கிக்கொண்டு எத்தனை ஜாக்கிரதையாகப் பார்த்தாலும் பயனில்லை.

இது வெறும் கற்பனையன்று. 2018 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள், டெலிகிராமின் விண்டோஸ் செயலியில் இதே குறியைப் பயன்படுத்திப் படம்போல் தோன்றும் நிரல்களை அனுப்பி, பெறுபவர்களின் கணினிகளைக் கொண்டு இரகசியமாகக் கிரிப்டோ நாணயம் ஈட்டிவந்த கூட்டத்தை வெளிப்படுத்தினார்கள். 2021 நவம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும், இத்தகைய குறிகளை நிரலின் மூலத்துக்குள்ளேயே ஒளித்து, சரிபார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றாகவும் இயந்திரத்துக்கு வேறொன்றாகவும் தெரியும்படி எழுத முடியும் என்று காட்டினார்கள். நிரல் எழுதுவோர் உலகம் உடனே பதறி, எழுதும் கருவிகளில் எல்லாம் எச்சரிக்கைகளைச் சேர்த்தது. தங்கள் வீட்டுக் கூரையில் தீ விழுந்தபோது காட்டிய அந்தச் சுறுசுறுப்பில் பாதியாவது, சாமானியர் தினமும் தொடும் கோப்புப் பட்டியலுக்கு அவர்கள் காட்டியதாகத் தெரியவில்லை.

அடிப்படைத் தவறு இதற்கும் பழையது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகத்தைக் கலக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரும் டிஎக்ஸ்டி என்ற பொய்ப் பின்னொட்டும் தாங்கி வந்தது. அதற்குப் பின்னால் இருந்த விபிஎஸ் என்ற மெய்யான பின்னொட்டை விண்டோஸே மறைத்துக் கொடுத்தது. அங்கே திசைக் கலப்பு எதுவும் இல்லை. கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்ற உயிரான செய்தியைப் பெயரின் வாலில் ஒட்டி வைத்துவிட்டு, அந்த வால் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி என்று விட்டுவிட்டதுதான் அங்கேயும் குற்றம், இங்கேயும் குற்றம்.

இவ்வளவையும் கேட்ட உடனே சிலர் சொல்லும் பரிகாரம் ஒன்று உண்டு: கோப்புக்கெல்லாம் ஆங்கிலத்திலேயே பெயர் வையுங்கள், தொல்லை தீர்ந்தது. இதைக் கேட்கும்போது எனக்குச் சற்றுக் கோபம் வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓர் அலுவலகத்தின் இணைய வாசலில், விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தேன் என்ற ஒரே காரணத்துக்காக, காரணமும் சொல்லாமல் மூன்று முறை திருப்பியடிக்கப்பட்டு, நான்காவது முறை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களையே பெயராக வைத்து உள்ளே நுழைந்தவன் நான். இடமிருந்து வலமாகவே ஓடும் தமிழுக்கே இந்தக் கதி என்றால், எதிர்த்திசையில் ஓடும் எழுத்துக்காரர் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துக் கடலில் உள்ள மாலத்தீவில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். திவேகி பாஷைக்குரிய தானா லிபி வலமிருந்து எழுதப்படுவது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபி எண்களிலிருந்தும், அடுத்த ஒன்பது பழைய உள்ளூர் எண்களிலிருந்தும் உருவானவை என்பது லிபி வரலாற்றிலேயே ஓர் அபூர்வம். 1970-களில் அந்த நாட்டு நிர்வாகத்துக்கு டெலக்ஸ் பொறிகள் வந்தன. பொறிக்குத் தானா தெரியாது. ஆகவே 1976-இல் ரோமன் எழுத்தில் திவேகியை எழுதும் முறை அதிகாரபூர்வமாக்கப்பட்டது; பொறிக்காக ஒரு தேசம் தன் லிபியை ஒதுக்கி வைத்தது. 1978-இல் மௌமூன் அப்துல் கயூம் ஜனாதிபதியான பிறகு தானா தன் ஸ்தானத்துக்குத் திரும்பியது. அந்த டெலக்ஸ் பொறிகளை இன்று காட்சிச்சாலையில்தான் பார்க்கலாம். தானாவில் குழந்தைகள் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் மிதமான இன்னொரு யோசனையும் உண்டு: ஆபத்தான குறிகளையாவது பெயர்களில் தடை செய்துவிடலாமே என்பது. இதில் எனக்குப் பாதிச் சம்மதம். இணைய முகவரிகளுக்கு 2010-இல் வகுத்த விதிப்படி, வலமிருந்து எழுதும் எழுத்து இடம்பெற்ற ஒரு பகுதிக்குள் ஆங்கிலம் போன்ற எதிர்த்திசை எழுத்து கலக்கக் கூடாது. முகவரி என்பது ஊரறிய விளம்பும் பெயர். அதற்கு அந்தக் கண்டிப்பு பொருந்தும். கோப்பின் பெயர் ஒருவருடைய அந்தரங்கமான குறிப்பு. அங்கே அத்தனை கண்டிப்பு ஆகாது. விண்டோஸ் சாய்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரம் முதலிய ஒன்பது குறிகளைத் தடுக்கிறது. லினக்ஸ் சாய்கோட்டையும் சூனியக் குறியையும் மட்டுமே தடுக்கிறது. நட்சத்திரத்தைத் தடுப்பவர்கள், எல்லாவற்றையும் புரட்டிப் போடும் அந்த ஒரு கட்டளைக் குறியையும் பட்டியலில் சேர்த்தால் குடி முழுகிவிடாது. மற்ற மெல்லிய திசைக் குறிகளை அப்படி ஒழிக்க முடியாது. ஆனால் அவையும் கண்ணுக்குத் தெரியாதவை ஆதலால், ஒரே கோப்புறையில் அட்சரம் பிசகாமல் ஒரே பெயருடன் இரண்டு கோப்புகள் இருக்கும் அதிசயத்தைப் பார்க்கலாம். ஒன்றன் பெயருக்குள் மட்டும் மறைகுறி ஒன்று உட்கார்ந்திருக்கும்.

இந்த மறைகுறிகளைப் பற்றிய வேடிக்கை ஒன்றும் உண்டு. என் வாதத்துக்கு நான் முக்கியமாக நம்பியிருப்பது இதைத்தான். விண்டோஸில் ஒரு கோப்பின் பண்புகளைத் திறந்து, பாதுகாப்புப் பக்கத்தில் காணும் பாதையைப் பிரதி எடுத்து, தாம் எழுதும் நிரலுக்குள் ஒட்டியவர்கள், அப்படியொரு கோப்பே கிடையாது என்ற பதிலைப் பெற்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் பிழை தெரியாது. பாதை எந்த இடைமுகத்திலும் இடமிருந்து வலமாகவே தெரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, அந்தப் பெட்டி பாதையின் தலையில் கண்ணுக்குப் புலனாகாத ஒரு திசைக் குறியை வைத்திருக்கும். பிரதி எடுக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடும். காட்சிக்காகச் செய்த வைத்தியம் பெயருக்குள் இறங்கிப் பெயரையே வேறாக்கிவிட்டது. பெயருக்குள் குறிகளைச் செருகிக் காட்சியைச் சரிப்படுத்த முயலும் யுக்திகள் எல்லாவற்றின் கதியும் இதுதான். தட்டியவர் தட்டிய கிரமமே பெயர்; அதில் யாரும் கைவைக்கக் கூடாது. காட்டும் வேலை திரையைச் சேர்ந்தது. வைத்தியமும் அங்கேயே நடக்க வேண்டும்.

அதற்கு வேண்டிய சாதனங்கள் இல்லாமல் இல்லை. 2013-இல் வந்த யூனிகோடு 6.3, ஒரு துண்டு எழுத்தைச் சுற்றியுள்ள வரியிலிருந்து அடியோடு தனிமைப்படுத்தி, உள்ளே இருப்பது வெளியே உள்ளதையோ வெளியே உள்ளது உள்ளிருப்பதையோ புரட்டாதபடி வேலியிடும் முறையை அளித்தது. அடைப்புக்குறிகள் ஜோடி பிரிந்து ஓடாமல் இருப்பதற்கான விதியும் அப்போதே வந்தது. திரையில் காட்டும் நிமிஷத்தில் ஒவ்வொரு கோப்புறைப் பெயரையும் இப்படி வேலிக்குள் வைத்து, நடுவில் உள்ள சாய்கோடுகளை வெளியே விட்டால், உள்ளறைக்குள் வீடு போகாது. பின்னொட்டைப் பெயரோடு சேர்த்து ஒரே இழையாகக் கோக்காமல், தனிக் கட்டத்தில், எந்த மாயக் குறியும் எட்டாத இடத்தில், சேமிப்பில் உள்ளபடி எடுத்து எழுதினால், அனெக்ஸ் வேஷம் அந்த இடத்திலேயே கலைந்துவிடும். மறைகுறி உள்ள பெயரில் அது இருக்கும் இடத்தைச் சிறு கட்டமாகவோ புள்ளியாகவோ காட்டினால் இரட்டைப் பிறவிகளைப் பிரித்தறியலாம். இவற்றில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு வேண்டுவதன்று. இரண்டொரு மென்பொருளில் இதில் ஒன்றும் அதில் ஒன்றுமாக ஏற்கெனவே உள்ளவையே. எல்லாவற்றையும் ஒருசேரச் செய்வதற்கு யாரும் அவசரப்படவில்லை, அவ்வளவுதான். அதுவரை, கோப்புப் பட்டியலில் ‘வகை’ என்ற பத்தியையும் பின்னொட்டையும் தெரியும்படி வைத்துக்கொண்டு, வெளியாரிடமிருந்து வரும் எதையும் பெயரை நம்பாமல் அந்தப் பத்தியைப் பார்த்துத் திறப்பதுதான் சாமானியருக்குக் கைவசம் உள்ள உபாயம்.

தேதி விஷயத்தில் நண்பருக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். தேதியைத் தலைப்புக்குப் பின்னால் போடாமல் முதலிலேயே போட்டுவிடுங்கள்; முன்னால் அரபி எழுத்து இல்லாததால் எண்கள் புரளாது என்று, விதிமுறையைப் படித்த கர்வத்தோடு விளக்கினேன். மறுவாரம் வந்த கோப்பில் 05-06-24 ஒழுங்காக அப்படியே நின்றது. அன்று மாலையே அவர் அழைத்தார். அவருடைய மடிக்கணினி, மகன் ஜித்தாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. இடைமுகம் முழுவதும் அரபி. அதில் தேதி வலது ஓரத்துக்குப் போய், எண்கள் புரளாமல், 05-06-24 என்றே நின்றிருக்கிறது. அவரோ வழக்கம்போல் வலக்கோடியிலிருந்து வாசித்திருக்கிறார்.

“தம்பி, இப்ப எனக்கில்லே 2005 வந்திருக்கு!”

இரண்டு நாள் யோசித்து, மாதத்தை எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதுவது, ஆண்டை நான்கு இலக்கத்திலும் போடுவது என்று இருவரும் தீர்மானித்தோம். அதற்குள் பழைய முறையில் பெயரிட்ட நோட்டுகள் முப்பத்தொன்று சேர்ந்திருந்தன. அவற்றின் பெயரை எல்லாம் மாற்றிவிடவா என்று கேட்டார். ஸ்கேன் செய்த தேதியைக் கோப்பு தன் வயிற்றிலேயே வைத்திருக்கும், விட்டுவிடுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறார், கோடு தாவும்போதெல்லாம் எனக்குத் தொலைபேசி வருகிறது.